பூஜ்யத்தில் நிற்காத முள்

மழை விட்ட பிறகும் அந்த முள் ஆடிக்கொண்டிருந்தது.

ஆடக்கூடாது. மூன்று கம்பிகளின் மின் அழுத்தத்தையும் ஒன்றாகக் கோத்து, மிச்சம் எவ்வளவு என்று காட்டத்தான் அந்த மீட்டர். மூன்றும் ஒழுங்காக இருந்தால் ஒன்றை ஒன்று தின்று தீர்த்துவிடும், மிச்சம் பூஜ்யம். ஏதாவது ஒரு கம்பி மண்ணைத் தொட்டால் முள் எழும்பும், பக்கத்திலுள்ள ரிலே தட்டி லைனை நிறுத்திவிடும்.

கடல் காற்று கம்பத்துப் பீங்கான்களில் உப்பை அப்பும் நாட்களில் முள் சும்மாவே நடுங்கும். ரிலே தட்டும். அந்த லைனில் ஓடும் மில் நிற்கும். அதனால் ரிலேயின் நாக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகிவைப்பது திருவொற்றியூர் சப் ஸ்டேஷனில் எல்லா ஷிப்டுக்கும் வழக்கம். மழை உப்பைக் கழுவியதும் எடுத்துவிட வேண்டும்.

இன்றைய ஷிப்டில் இருந்த சுப்புராயன் எடுக்கவில்லை. இன்னொரு தடவை மில் நின்றால் வேலை போய்விடும் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். சொன்னவரின் வாய் அசைவதை யாருக்கோ நடப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐப்பசி மாத அந்தி ஜன்னல் கம்பிகளில் சாம்பலாக வழிய, டிரான்ஸ்பார்மரின் ஓயாத ரீங்காரமும் சூடேறிய எண்ணெய் வாடையும் ஈரச் சுவரின் சுண்ணாம்பு நெடியும் சேர்ந்து அறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனமாக்கிக்கொண்டிருந்தபோது, போன் மணி அடித்தது.

லைனைப் பார்த்து வர அனுப்பியிருந்த லைன்மேன் மஜீது. கல்மண்டபத்தில் போன் இருக்கும் மின்சாரக் கொட்டகையிலிருந்து பேசினான்.

"அண்ணாத்தே, பூவரச மரக்கிளை ஒண்ணு கம்பிய உரசிகினு கீது. மூங்கிலால தள்ளிட்டு வந்துடறேன்."

"மூங்கில் காஞ்சிருக்கா?"

"மழையில எதுதான் காஞ்சிகீது, என் தலையா?" சிரித்தான். "லைன நிறுத்தினா மில்லுக்காரன் உன்ன முழுங்கிடுவான். எதனா ஆனா உன் மிசினு தட்டிடும்ல?"

சுப்புராயன் தீக்குச்சியைப் பார்த்தான்.

"ம்," என்றான்.

போனை வைத்தான். எழுந்து குச்சியை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. கை மடியிலேயே கிடந்தது. வேறு யாருடைய கையோ போல.

முள் எழும்பியது. கடைசி எண்வரை போய் அங்கேயே நின்றது. ரிலே தட்டவில்லை.

அப்போதுதான் ஓடினான். கைப்பிடியை இழுத்து லைனை நிறுத்தினான். முள் இறங்கவில்லை. மெயினையும் இழுத்தான். விளக்குகள் அணைந்தன. ரீங்காரம் நின்றது. அறையில் மின்சாரம் என்று எதுவும் இல்லை.

இருட்டில் முள் மட்டும் அசைந்தது. ஏறி, இறங்கி. ஏறி, இறங்கி.

டக். டக்.

நாடி பிடித்துப் பார்ப்பதுபோல்.

போன் அடித்தது. ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியது.

"கரண்டு ஆபீசா? நான் மீன் விக்கிற கோவிந்தம்மா. உங்க ஆளு மூங்கில புடிச்சிகினு அப்டியே நிக்கிறாரு சார். நிறுத்துங்க."

"நிறுத்திட்டேம்மா."

"இல்லியே. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது." கொட்டகை வாசல் வழியாகப் பார்த்தபடியே சொன்னாள். "இதோ. இதோ. இதோ."

அவள் சொன்ன ஒவ்வொரு முறையும் முள் எழும்பியது.

ரிசீவர் தொங்கியது. ரிலேயின் கண்ணாடி மூடியைத் திறந்தான். விரலால் துழாவி, குச்சியைப் பிடுங்கினான்.

செத்துக் கிடந்த ரிலே தட்டியது. முள் பூஜ்யத்துக்கு விழுந்தது.

தொங்கிய ரிசீவரிலிருந்து கோவிந்தம்மா சன்னமாகக் கேட்டாள். "இப்ப நின்னுடுச்சி சார். வுயுந்துட்டாரு. பாவி, ஏன் சார் இவ்ளோ நேரம்?"

அவனுக்குத் துக்கம் வரவில்லை. குச்சியைக் கீழே போடலாம் என்று பார்த்தான்.

அது சூடாக இருந்தது. விரல்களுக்கு நடுவே துடித்தது.

டக். டக்.

கையை உதறினான். விரல் பிரியவில்லை. இன்னொரு கையால் பிரிக்கப் போனான். அதுவும் ஒட்டிக்கொண்டது. மரமரப்பு மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, தோளுக்கு ஏறியது. வலியே இல்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.

"சார்? கீறீங்களா சார்?"

மீட்டரில் முள் மறுபடி எழும்பியது. கடைசி எண்வரை.

நிறுத்த வேண்டிய எல்லாவற்றையும் அவன் ஏற்கெனவே நிறுத்தியிருந்தான்.