கூவுக்கு வந்த மறுமொழி

பத்மாசனி கூக்காட்டினாள், மறுமொழி வந்தது. ஆனால் வரவேண்டிய பக்கத்திலிருந்து வரவில்லை. பஸ் நிற்பது அவளுக்கு முன்னால், சுண்டிக்குளத்து நீரேரிக் கரையில். "கூ" என்ற அந்தக் குரலோ முதுகுப்புறம், பாலை மரங்கள் இருளத் தொடங்கிய காட்டுக்குள்ளிருந்து வந்தது.

பூநாரை பார்க்க வந்த வகுப்பு அது. காலையில் இறங்கும்போதே யோகலிங்கம் மாஸ்டர் சொல்லியிருந்தார்: "வழி தவறினால் நிண்ட இடத்திலை நிண்டு கூக்காட்டுங்கோ. காட்டுக்கை ஆர் கேட்டாலும் பேரை மட்டும் சொல்லாதையுங்கோ."

கிளிநொச்சிப் பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. தேனெடுக்கப் போகும் தகப்பன்மாரிடம் கேட்டு வளர்ந்த பேச்சு அது. பத்மாசனிக்குத்தான் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வட்டக்கச்சிக் குடியேற்றத்துக்கு வந்து ஒரு போகம் நெல் வெட்டியும் ஆகிவிட்டது. இந்த வகுப்பில் அவள் பேரை யாராவது கேட்டால்தானே சொல்வதற்கு! "வட்டக்கச்சியாள்" என்பார்கள், அவ்வளவுதான். மத்தியானம் எல்லோரும் கூட்டமாய் இருந்து சோற்றுப் பொதி அவிழ்த்தபோது, அவள் தன் பொதியோடு தனியே போனாள். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் சாய்த்துப்போட்ட மரமொன்றின் மறைவில் இருந்து அழுதாள். அழுதபடியே தூங்கிப்போனாள்.

இப்போது அந்தி. சேற்று வாடையும் உப்புக் காற்றும் மூக்கில் ஏற, நீரேரிப் பக்கம் பறவைகளின் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டு வர, கண்டல் வேர்களுக்கிடையில் தண்ணீர் அசைகிற சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடியும் "கூ". இன்னும் கிட்ட. சருகு மிதிபடவில்லை. கிளை அசையவில்லை.

"ஆரது? தனியவோ நிக்கிறீர்?"

ஒரு பெண்பிள்ளையின் குரல். அவள் வயதுதான் இருக்கும். மாஸ்டர் சொன்னது அவளுக்கு நினைவில் இல்லாமலில்லை. ஆனாலும் அந்தக் குரலில் என்ன ஆதரவு! இத்தனை மாதத்தில் எவரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

"ஓம்."

"உம்மடை பேரென்ன?"

சொன்னாள். ஊரைச் சொன்னாள். தம்பியின் பேரைச் சொன்னாள். தனக்கு ஒரு சிநேகிதியும் இல்லை என்பதைக் கேட்காமலே சொன்னாள். குரல் "ம்... ம்..." என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

கரைப் பக்கம் ஹோர்ன் அடித்தது. விழுந்தடித்து ஓடினாள். முள் கிழித்தது. செருப்பு சேற்றோடு போயிற்று. மரங்கள் விலகின. பஸ்!

மாஸ்டர் மிதிபலகையில் நின்று உள்ளே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்: "எல்லாரும் வந்தாச்சோ? வட்டக்கச்சிப் பிள்ளை எங்கை?"

"இஞ்சை இருக்கிறன், சேர். பத்மாசனி."

அது அவளுடைய குரல்.

"சேர், நான் இஞ்சை நிக்கிறன்!" என்று கத்த வாயைத் திறந்தாள்.

"கூ."

திரும்பவும் கத்தினாள்.

"கூ."

மாஸ்டர் காட்டுப் பக்கம் பார்த்தார். அவள் நின்ற இடத்தைத்தான் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. "ஒருத்தரும் மறுமொழி குடுக்காதையுங்கோ!" என்று பதறிக் கதவைச் சாத்தினார். பஸ் புறப்பட்டது.

கடைசி யன்னலில் அவளுடைய வெள்ளைச் சட்டை. அவளுடைய இரட்டைப் பின்னல். ஒருத்தி அதன் தோளில் கை போட்டிருந்தாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் அதனோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பார்த்து, வாயைக் குவித்து, சத்தமில்லாமல் "கூ" என்றது.