வலது மடிப்பு மேலே

குளித்துவிட்டு வந்த மிசாவோ, கிமோனோவின் வலது மடிப்பை மேலே போட்டுக் கட்டியிருந்தாள்.

தோகியே கிண்ணங்களில் மிசோ சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆவிக்கு அந்தப் பக்கம் மகள் வந்து உட்கார்ந்ததும்தான் கண்ணில் பட்டது.

"மாத்திக் கட்டுடி. பொணத்துக்குத்தான் வலது மடிப்பு மேல வரும்."

"ம்."

"உங்கப்பாவுக்கு நாம ரெண்டு பேரும் சேந்துதானே அப்படிக் கட்டினோம்? அதுக்குள்ள மறந்துட்டியா?"

"சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடும்மா."

ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்லும் பெண். பத்தொன்பது வயதில் அக்கம்பக்கத்துக் கிழவர்களையெல்லாம் பெயர் வைத்துக் கிண்டலடிப்பவள். மூன்று நாளாக இப்படித்தான், கேட்டதற்கு மட்டும் பதில். தோகியே மேலே எதுவும் கேட்கவில்லை. கணவர் போன இந்த இரண்டு வருடங்களில் எதுவும் அவளுக்குள் இறங்குவதில்லை. மழை பெய்தால் பெய்கிறது, பசித்தால் பசிக்கிறது. மகள் வழக்கத்துக்கு மாறாக இடது கையால் குச்சிகளை எடுத்துச் சோற்றை அள்ளுவதையும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பிற்பகல் புகைப்படக்காரர் குராஹாஷி தொலைபேசியில் கூப்பிட்டார். நகரத்தின் தெற்கே இருக்கும் ஐந்தடுக்குக் கோயில் கோபுரத்தை இருபது வருடமாகப் படம் எடுப்பவர். அவருடைய படங்களையெல்லாம் தாளில் அச்சிட்டுக் கொடுப்பவள் தோகியே. இந்த முறை கோபுரத்தின் உயரம் தெரியட்டும் என்று மிசாவோவைக் கிமோனோ உடுத்தச் சொல்லி அதன் முதல் படியில் நிறுத்தியிருந்தார்.

"தோகியேம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க தப்பு பாதி, என் தப்பு பாதி."

"சொல்லுங்க ஐயா."

"கண்காட்சியில காலைல ஒரு பாட்டியம்மா நம்ம படத்து முன்னாடி நின்னு கும்பிட்டுட்டு, 'சின்னப் பொண்ணு, எப்படிச் செத்துச்சு'ன்னு என்கிட்டக் கேக்கறாங்க. அப்புறம்தான் கிட்டப் போய்ப் பாக்கறேன். வலது மடிப்பு மேல."

தோகியேவுக்குப் புரிந்தது. ஃபிலிமைப் புரட்டிவைத்து அச்சிட்டிருக்கிறாள். இடம் வலமாகிவிட்டது.

"வேற படமா இருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்," என்றார் குராஹாஷி. "இந்தக் கோபுரம் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலவே இருந்து தொலைக்குது. இருபது வருஷமா அதோட குடும்பம் நடத்தறேன், எனக்கே தெரியல பாருங்க. பொண்ணு கேட்டா வருத்தப்படும், சொல்லாதீங்க."

"படம் என்னிக்கி மாட்டினீங்க?"

"மூணு நாளாச்சு."

மூன்று நாள்.

சமையலறையில் மிசாவோ இடது கையால் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சை ஒட்டுக்கேட்பவள் போலத் தலையைச் சாய்த்திருந்தாள். கண்ணுக்குக் கீழே அந்த மச்சம். பிறந்ததிலிருந்து இடது கண்ணுக்குக் கீழே இருந்த மச்சம்.

இப்போது வலது கண்ணுக்குக் கீழே.

"யாரும்மா?"

"குராஹாஷி ஐயா. ஒரு படம் திரும்பப் போடணும்."

"எந்தப் படம்?"

தோகியே இருட்டறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள்.

புளித்த காடி வாடை. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர், நின்று, மறுபடி சொட்டும் தண்ணீர். சிவப்பு விளக்கின் மங்கலில் தன் கைகள் தானாக வேலை செய்வதை அவள் வேறு யாருடைய கைகளையோ போலப் பார்த்தாள்: ஃபிலிமை எடுத்துச் சரியான பக்கமாகத் திருப்பி, தாளில் ஒளி விழச்செய்து, மருந்துத் தட்டில் நழுவவிட்டு, தட்டின் ஓரத்தைப் பிடித்து மெல்ல ஆட்டி. முதலில் கூரைகள் வந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து கரிய கூரைகள். பிறகு உச்சித்தூண். பிறகு படிகள்.

பிறகு மிசாவோ. கட்டைவிரல் அளவுக்கு.

பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். இடது மடிப்பு மேலே. இடது கண்ணுக்குக் கீழே மச்சம். சரியாக இருந்தது. என் பெண், என்று நினைத்தாள்.

படம் எடுத்த அன்று குளிர். மிசாவோ இரண்டு கைகளையும் கிமோனோவின் அகன்ற கைப்பகுதிக்குள் இழுத்துவைத்துக்கொண்டு சிரித்தாள். தோகியே பக்கத்திலேயே நின்று பார்த்தாள். இதில் சிரிப்பு இல்லை. வாய் திறந்திருந்தது. வலது கை வெளியே நீண்டு, உள்ளங்கை விரிந்து, எதன்மீதோ அழுத்திக்கொண்டிருந்தது.

தாளின்மீது. உள்ளிருந்து.

கதவுக்கு வெளியே காலடி.

இந்த வீட்டில் பிறந்த மிசாவோ நான்கு வயதிலிருந்தே மூன்று முறை தட்டிவிட்டுக் காத்திருப்பாள். அம்மா 'வா' என்றால்தான் கதவைத் தொடுவாள். படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ கரைசலில் ஊறுவதற்குமுன் வெளிச்சம் பட்டால் தாள் முழுக்கக் கறுத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும்.

கதவு தட்டப்படவில்லை. தாழ் அசைந்தது.

"அம்மா, திற."

"வேலையா இருக்கேன்."

"எந்தப் படம்னு சொல்லவே இல்லையே."

இருட்டறையின் பெரிய விளக்கின் சுவிட்சு கதவுக்கு அந்தப் பக்கம், நடைச்சுவரில். வெளியே சுவரை ஒரு கை தடவிக்கொண்டே போகும் ஓசை. சரசரவென்று. நிதானமாக.

"அதத் தொடாத."

"ஒரே இருட்டா இருக்கேம்மா உனக்கு."

ஹைப்போ தட்டு ஒரு முழத் தூரம். தாளைத் தூக்கி அதில் போட்டால் போதும், மூடியை மேலே கவிழ்த்தால் போதும். தோகியே கையைப் பார்த்தாள். கை நகர்வதாக நினைத்தாள். கை தட்டின் ஓரத்தில் அப்படியே கிடந்தது. இரண்டு வருடமாக எதற்கும் அவசரப்படாத கை.

தூக்கு, என்றாள் அதனிடம்.

விளக்கு எரிந்தது.

அறை வெளுத்தது. தட்டில் வானம் முதலில் சாம்பலானது. ஒவ்வொன்றாக ஐந்து கூரைகளும் மூழ்கின. அப்போதுதான் கை அசைந்தது, தாளின் ஓரத்தைப் பிடித்தது. படிகள் போயின. அந்தச் சின்ன முகம் போயிற்று.

"இப்ப நல்லாத் தெரியுதா?" என்றது வெளியே மகளின் குரல்.

தட்டு முழுக்க ஈரக் கறுப்பு. அதில், மிசாவோ நின்ற இடத்தில், தாள் அடியிலிருந்து தள்ளப்பட்டதுபோல் எழும்பியது. கடுகளவில் ஐந்து மேடுகள், விரிந்த விரல்களின் இடைவெளியில்.

ஒவ்வொன்றாக அடங்கின.