பதினான்கு நிமிடம் மூத்தவள்

ஜோதிடத் தொழிலில் நான் பொய்யே சொன்னதில்லை என்றால், அதுவே முதல் பொய். வாயால் சொன்னது எத்தனையோ. எழுதிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றிப் பேசத்தான் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பியிருந்தாள்.

பிற்பகல் மூன்று மணி. மாடி வீடு. கீழே கண்ணாடி வெட்டும் கடை. கண்ணாடியைக் கீறும் சத்தம் பல்லைக் கூசவைத்தபடி படியெல்லாம் கூடவே வந்தது. கதவைத் திறந்தவளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, பிள்ளை பெற்ற உடம்போடு என் அறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள். இப்போது எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"வாங்க ஜோசியரே. பாப்பா படுத்து இருபது நாளாச்சு."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. உடம்புல ஒண்ணும் இல்லையாம். ஒண்ணும் இல்லாமலேயே தேஞ்சுக்கிட்டு இருக்கா."

மேசைமேல் பழைய ஜாதகத்தை எடுத்து வைத்தாள். என் கையெழுத்துதான்.

"எட்டுல சனி, தீர்க்காயுசுன்னு எழுதினீங்க. எண்பதுக்குக் குறையாதுன்னீங்க. எங்க போச்சு அந்த ஆயுசு?"

எங்கே போயிற்று என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவளுக்குப் பிறந்தது இரட்டைப் பெண்கள். மூத்தது காலை ஐந்து ஐம்பதுக்குப் பிறந்து, ஒரே ஒரு முறை அழுதுவிட்டு அடங்கிவிட்டது. இளையது ஆறு மணி நாலு நிமிடத்துக்குப் பிறந்தது. அந்தப் பதினான்கு நிமிடத்துக்குள் லக்னம் மாறிவிட்டது. லக்னம் நகர்ந்தால் கிரகங்களின் வீட்டுக் கணக்கும் ஒன்று நகரும். மூத்ததற்கு எட்டாம் வீட்டில் இருந்த சனி, இளையதற்கு ஏழாம் வீட்டில் இருந்தான். எட்டில் சனி என்றால் நீண்ட ஆயுள். ஏழோ மாரக ஸ்தானம், சாவைக் கொண்டுவரும் வீடு. அதாவது செத்த குழந்தைக்கு எண்பது வயது. மூச்சு விடுகிற குழந்தைக்குச் சனி தசை தொடங்கியதும் கண்டம்.

நான் அப்போது கத்துக்குட்டி. இளங்கன்று பயமறியாது. "போன குழந்தைக்கு எதுக்கும்மா இவ்வளவு ஆயுசு? இருக்கறவளுக்கே எழுதிடறேன்" என்று மூத்தவளின் நேரத்தை இளையவளுக்குப் போட்டேன். அவள் அழுதுகொண்டே என்னைக் கும்பிட்டாள். இரட்டை என்ற விஷயத்தை அதன்பிறகு யாரிடமும் சொல்லவில்லை. வளர்ந்த பெண்ணிடமும் சொல்லவில்லை.

நான் மாடியேறிப் போன அன்றோடு, அந்தப் பெண்ணுக்குச் சனி தசை தொடங்கி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

உள்ளறைக்குள் நுழைந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. நாள்பட்டுப் படுத்தவர்களின் வாடை எனக்குத் தெரியும். இது அதுவல்ல. ரத்தமும் பினாயிலும் வெதுவெதுப்பான ஈரமும் கலந்த பிரசவ வார்டின் வாடை. ஜன்னல் திறந்துதான் இருந்தது. வெயில் கட்டிலின் கால்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

பெண் கண்ணைத் திறந்தாள்.

"சார், நீங்கதான் எனக்கு ஜாதகம் எழுதினீங்களா?"

"ஆமாம்மா."

"நீ ஏன் என் இடத்துல படுத்திருக்கேன்னு அவ கேக்கறா சார்."

"யாரு?"

"தெரியல. பேர் என்னன்னு கேட்டேன். பேரே வெக்கலைங்கறா."

என் பின்னால் நின்ற தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழே கண்ணாடி கீறும் சத்தம் நின்றது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவரோரத்தில், ஒரு குழந்தை அழுதது.

ஒரே ஒரு முறை.

எப்படிக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன் என்று எனக்கு நினைவில்லை. வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினேன். கோணல்மாணலாகப் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஆறு மணி நாலு நிமிடத்துக்குக் கணித்தேன். ஏழில் சனி. எழுதிக்கொண்டே இருந்தவன் பேனாவை வைத்துவிட்டேன். ஏழில் நிற்கும் சனிக்குத் திக்பலம் உண்டு. நிற்கிற திசையே அவனுக்குத் தரும் பலம். மாரகத்தைப் பார்த்து மிரண்டவன், புத்தகத்தின் அடுத்த வரியைப் படிக்கவில்லை. கண்டம்தான், ஆனால் தாண்டக்கூடிய கண்டம். திருடியே இருக்க வேண்டாம். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

"இதுதாம்மா அவளோட நிஜ ஜாதகம். பழசைக் கிழிச்சிட்டு இதை அவ கையில கொடுங்க. இது என்னோடதுன்னு அவ வாயால சொல்லட்டும். மூத்தவளோட ஆயுசை அவளுக்கே விட்டுடுவோம்."

அவள் இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டாள்.

"இதுல எத்தனை வயசு?"

"கண்டம் ஒண்ணு இருக்கு. தாண்டிடுவான்னு நினைக்கறேன்."

"நினைக்கறீங்களா?"

"அம்மா, உயிருக்கு யாரு..."

"அவ அப்பா போயிட்டாரு. ஒருத்தியை அன்னிக்கே வாரிக் கொடுத்தேன். இனிமே கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல ஜோசியரே. நினைக்கறேன்னு சொல்லாதீங்க. இருப்பான்னு சொல்லுங்க."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! அன்றைக்குப் பார்த்து என் வாயில் உண்மை வந்தது.

"சொல்ல முடியாதும்மா."

அவள் தாளைக் கிழித்தாள். இரண்டாக, நாலாக, எட்டாக.

கிழித்தது புதியதை.

"என்னம்மா பண்றீங்க!"

"எட்டுல சனி. எனக்கு அது போதும்."

உள்ளே கட்டில் முனகியது. பிறகு காலடிச் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, புதிதாக நடை பழகுவதுபோல.

அறை வாசலில் பெண் நின்றாள். ஒட்டிய கன்னத்தில் ரத்தம் ஊறியிருந்தது.

"அம்மா, பசிக்குது."

தாய் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையுமாக, "பார்த்தீங்களா ஜோசியரே, எழுந்துட்டா! என் தங்கம் எழுந்துட்டா!" என்று கத்தினாள். எனக்கும் ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

பெண் தாயின் தோளுக்கு மேலாகத் தரையில் கிடந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது தங்கச்சியோடதாம்மா?"

முதுகைத் தடவிக்கொண்டிருந்த தாயின் கை நின்றது.

அப்போதுதான் ஆளில்லாத அந்த அறைக்குள்ளிருந்து, தொண்டை வறண்ட குரல் ஒன்று வந்தது.

"அம்மா... நான் இங்க இருக்கேம்மா."

தாய்க்கு அது கேட்டது. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன், கேட்டது. அவள் அறை வாசலுக்குப் போய் உள்ளே எதையோ பார்த்தபடி நின்றாள். அம்மா, அம்மா என்று குரல் கெஞ்சிற்று. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இவளாவது இருக்கட்டும்."

கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து வந்தவளைப் பார்த்து, "உட்காரும்மா, சாப்பாடு போடறேன்" என்றாள்.

நான் படியிறங்கித் தெருவுக்கு வரும்வரை அந்த அறைக்குள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.