வெறும் தொப்பி கற்ற சொல்

தலையே இல்லாத தொப்பியிலிருந்து மூளை அலை வந்துகொண்டிருந்தது.

சத்தம் புகாத சின்ன அறைக்குள், நாற்காலியின் மேல் தாடைப் பட்டை தொங்கக் கிடந்தது, மூளை அலையை அளக்கும் அந்தக் குழந்தைத் தொப்பி. அதன் ஒயர்கள் சுவர் வழியாக வெளியே வந்து அவளுடைய கணினியில் முடிந்தன.

"கரண்ட் இரைச்சலா இருக்கும்க்கா. தொப்பிக்கு மூளையா முளைக்கப் போகுது?" என்று சிரித்துவிட்டு, கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கிளம்பிப் போனான். விடுமுறை நாள் மதியம். கட்டடத்தில் வேறு ஆள் இல்லை.

முனைவர் பட்டம் வாங்கிய கையோடு இங்கே ஆராய்ச்சிக்கு வந்தவள் அவள். குழந்தைகளின் மூளை சொற்களை எப்படிக் கற்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. புதுச் சொல் கேட்டால் மூளை திடுக்கிடும், திரையில் கோடு எகிறும். பழகப் பழக அடங்கும். அடங்கிவிட்டால் கற்றுவிட்டது என்று கணக்கு. ஊரார் பிள்ளைகளின் பேச்சையெல்லாம் ஆராய்ந்தாளே, பாவி, பெற்ற பிள்ளை வாயால் ஒரு 'அம்மா' கேட்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. பேச்சு வருமுன்னே காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அவனும் ஒருநாள் அணிந்த தொப்பிதான் அது.

சும்மா பார்க்கலாமே என்று 'பந்து' என்ற சொல்லை ஒலிக்கவிட்டாள். கோடு எகிறியது. மறுபடி ஒலிக்கவிட்டாள். எகிறல் குறைந்தது.

இரைச்சல் எதையும் கற்காது.

கணவன் போனில் அழைத்தான். "சாப்பிட்டியாம்மா? வீட்டுக்கு வா."

"நம்ம புள்ள கேக்குறான்ங்க. நான் சொல்றதைக் கேக்குறான்."

கணவன் உடைந்த குரலில், "போனவன் போயிட்டான்மா. நீயாவது எனக்கு வேணும்," என்றான். அவள் போனை அணைத்துவிட்டாள்.

பாடத்தைத் தொடங்கினாள். அவள் குரலில் நான்கு சொற்கள், அறைக்குள் இருந்த திரையில் நான்கு படங்கள். பந்து. பூனை. ஊட்டும்போதெல்லாம் அவனுக்குச் சொன்ன 'மம்மம்' என்பதற்கு ஒரு தட்டுச் சாப்பாடு. 'அம்மா' என்பதற்கு அவளுடைய புகைப்படம். மதியம் சாய்ந்து மாலையாக, கதவிடுக்கிலிருந்து பாலும் வியர்வையும் கலந்த பிள்ளைத் தலையின் வெதுவெதுப்பான வாசனை மெல்லக் கசிந்து வர, அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைச் சத்தம் கேட்க அவள் மாட்டியிருந்த காதுக் கருவியில் யாரோ மூச்சுவிடும் சத்தம்.

கோடு அடங்கியது. கற்றுவிட்டான்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கனத்த கதவு பின்னால் தானே சாத்திக்கொண்டது. தொப்பி கிடக்கவில்லை. நிமிர்ந்து நின்றது, உட்கார்ந்த குழந்தை உயரத்தில். உள்ளே ஒன்றுமில்லை.

திரையில் அவள் புகைப்படம். ஒலிபெருக்கியில் அவள் குரல்.

"மம்மம்."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. எந்தச் சொல்லுக்கு எந்தப் படம் என்பதை, ஒவ்வொரு பிள்ளைக்கும் கணினியே குலுக்கிப் போட்டுவிடும். ஆய்வுக்கூடத்தின் வழக்கம் அது. அதை அவள் நிறுத்த மறந்திருந்தாள்.

மதியம் முழுக்க. அவள் முகம், 'மம்மம்' என்ற சொல். சாப்பாடு.

"இல்லடா கண்ணு. அம்மாடா. நான் அம்மா."

தொப்பி அவள் பக்கம் திரும்பியது. ஒயர்கள் ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தன.

"மம்மம்," என்றது. மழலை. ஒலிபெருக்கியிலிருந்து இல்லை.

அவன் பேசிவிட்டான். அழுதுகொண்டே அவள் இரு கைகளையும் நீட்டினாள். தாடைப் பட்டை, வாய் திறப்பதுபோல், மெல்லக் கீழே இறங்கியது. இன்னும் இறங்கியது. தரை வரைக்கும்.