மூச்சுப் பிடிக்கத் தெரியாதவள்

“மூச்சு!” என்று ஓட்டுநர் அழகுராசா குரல் கொடுத்ததும் வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். வெற்றிலை மென்றவர் மெல்வதை நிறுத்தினார். கைப்பேசியில் யாரையோ வைதுகொண்டிருந்த அம்மாள் பாதி வசவில் நின்றாள். மதுரைக்காரர்களுக்கு இது புதிதில்லை. கீழமாசி வீதி முனையில் இருக்கும் வளிச்சுவரைக் கடக்கிற கண்ணிமைப்பு நேரத்துக்கு மூச்சை அடக்கிக்கொண்டால் சுவர் “வருக” என்று வழிவிடும். பள்ளிக்கூடத்தில் அகரம் சொல்லித் தருவதற்கு முன்னால் சொல்லித் தருவதே இதைத்தான்.

அடக்கிக்கொள்ளாதவள் ஒருத்திதான். இளவேனிலின் மடியில் கிடந்த மூன்று மாதக் கைக்குழந்தை. சளி கட்டிய நெஞ்சு கீச் கீச்சென்று சத்தமிட, பாவம், அவள் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

வெளிர்நீலத்தில் மின்னிய சுவர் சிவந்தது. வண்டி கொசுவலையில் முட்டியதுபோல மெத்தென்று நின்றது.

“நிற்க,” என்றது சுவர்.

“எந்தப் புண்ணியவான்யா மூச்சு விட்டது?” என்று வெற்றிலைக்காரர் திரும்பினார். குழந்தையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “அட, பச்சப்புள்ள! போன மாசங்கூட எங்க வீட்டுச் சின்னக்குட்டி சிரிச்சுக்கிட்டே உள்ள போச்சே!”

அழகுராசா வண்டியைப் பின்னுக்கு எடுத்து மறுபடி முயன்றார். மறுபடியும் சிவப்பு. மற்றவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இறங்கி, மூச்சைப் பிடித்து ஒவ்வொருவராக நடந்தே கடந்துபோனார்கள்.

“நீங்களும் போங்கண்ணே. உங்க பொழப்பு கெடுது,” என்றாள் இளவேனில்.

“நல்லாச் சொன்ன போ! கைப்புள்ளையோட உன்னைய நடுரோட்டுல விட்டுட்டுப் போக நான் என்ன மரக்கட்டையா?” என்று அழகுராசா வண்டியை ஓரங்கட்டினார்.

சுவர் என்று பேரே தவிர, அது சுவர் இல்லை. வீதியின் இருபுறமும் இரண்டு வெள்ளித் தூண்கள், நடுவே ஒளியாலான ஒரு திரை. அதனுள் எது நுழைந்தாலும் அது வெளிவிடும் காற்றை நொடியில் பிரித்துப் படித்துவிடும். அளவுக்கு மேல் கரி இருந்தால் ஒளி இறுகிக்கொள்ளும். சக்கரம், கால் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. லாரியானாலும் ஆளானாலும் கடக்கிற பண்டம், அவ்வளவுதான். வெளியே வருவோரை அது கண்டுகொள்வதும் இல்லை.

அதன் பெரிய சாமர்த்தியம் வேறு. எது சுத்தம் என்று யாரும் அதற்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைக்குத் தன்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் எந்த அளவில் இருந்தார்களோ, பொழுது சாய்ந்ததும் அதையே புது எல்லையாக வைத்துக்கொள்ளும். பக்கத்து வண்டி சுத்தமானால் நம் வண்டியும் சுத்தமாகியே தீர வேண்டும். இப்படித்தான் ஊரைவிட்டு டீசல் போனது, பெட்ரோல் போனது, கடைசியில் புகை என்பதே போனது. புகை போன பிறகு வண்டிகளில் மிச்சமிருந்தது மனிதர் விடும் மூச்சு. அதிலும் கொஞ்சம் கரி இருக்கிறதே! நுழையும் கணத்தில் பயணிகள் மூச்சை அடக்கினால் வண்டி முந்திக்கொண்டு போகலாம் என்று எந்தக் கெட்டிக்கார ஓட்டுநர் முதலில் கண்டுபிடித்தாரோ தெரியாது. ஒருவர் செய்தால் ஊரே செய்யாதா?

சுவர் அதையும் மாலைதோறும் படித்தது. போன வாரம் சித்திரைத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் சனம் வந்தது. வெளியூர்க்காரர்கள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அத்தனை லட்சம் பேரும் பிசகாமல் மூச்சடக்கிக் கடந்தார்கள். ஒரு கைக்குழந்தை மூச்சு விடுமளவுக்கு அதுவரை எஞ்சியிருந்த சந்தும் தேர் நிலைக்கு வந்த மாலையோடு மூடிக்கொண்டது. மனிதன் என்பவன் மூச்சு விடாத பிராணி என்று சுவர் முடிவுகட்டிவிட்டது.

இளவேனிலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தாய்வீட்டில் பிரசவம் முடிந்து, பிள்ளையோடு புகுந்த வீட்டுக்கு வருகிறாள். கணவன் கடலில், கப்பல் வேலையில். சுவருக்கு வெளியே, வெளி வட்டத்தில் இருக்கும் தாய்வீட்டைச் சுற்றி, உள்ளே நுழைய முடியாத பழைய வண்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. குழந்தைக்கு இழுப்பு வந்ததே அந்தப் புகையால்தான். “மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னிக்கே உள்வட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. அந்தக் காத்துதான் இவளுக்கு வைத்தியம்,” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தக் காற்று இதோ, கையெட்டும் தூரத்தில் இருந்தது.

அதைச் சொல்லி மாளாது. ஒளித்திரைக்கு அந்தப் பக்கம் எல்லாமே கழுவித் துடைத்து வைத்ததுபோல இருந்தது. தொலைவில் தெரிந்த கோபுரத்தின் சுதைச் சிற்பங்களில் எது சிரிக்கிறது, எது முறைக்கிறது என்று இங்கிருந்தே சொல்லலாம். கோபுரத்து நிலையில் உட்கார்ந்த கிளியின் மூக்குச் சிவப்பு தெரிந்தது. பட்டப்பகலில் வானத்தில் பிறை தெரிந்தது. மாடிகளுக்கு மேலே, வடக்கே அழகர்மலை மரம் மரமாகத் தெரிந்தது. இளவேனில் பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். மனிதக் கை இப்படியும் ஒன்றைச் செய்யுமா என்று தோன்றும். இன்றைக்கும் தோன்றியது. கூடவே அழுகையும் வந்தது.

தகவல் போய், வளிக்காப்பு மன்றத்துத் தலைவர் முனைவர் கோகுலவாசன் உள்ளிருந்து வந்தார். சுவருக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர். வாழ்நாளில் ஒரு தடவைகூட அவருக்குச் சுவர் சிவந்ததில்லை. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. தூண்களை நெருங்கினாலே நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று மேடைதோறும் சொல்வார்.

“பதறாதீங்கம்மா, வழி இருக்கு,” என்றார். “அந்தா, வலப்பக்கம் சரக்கு வாயில். பழம், மருந்தெல்லாம் காத்து கசியாத பெட்டியில அது வழியாத்தான் உள்ள போகுது. பாப்பாவை ஒரு பெட்டியில வச்சு அனுப்பிடலாம். அரை நிமிஷந்தான். சுவருக்கு ஒரு பிரச்சினையும் இருக்காது.”

“சுவருக்கு இருக்காது சார். பிள்ளைக்கு?”

கோகுலவாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏற்கெனவே மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. அதைப் போயி டப்பாவுல அடைக்கச் சொல்றீங்களே, உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?” என்று கேட்ட இளவேனில், பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா ஒருத்தருக்காகச் சுவரைத் திறந்தா நாளைக்கு ஊரே கேக்கும். யாரும் கையால மாத்த முடியாதபடி நானேதான் செஞ்சு வச்சேன்.” அவர் குரலில் நிசமாகவே வருத்தம் இருந்தது.

இந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பவுனுத்தாய் வந்து சேர்ந்தாள். இளவேனிலின் கணவனுக்கு அக்கா, குழந்தைக்கு அத்தை. கையில் ஆரத்தித் தட்டு. வாசலில் காத்து நின்றவள், வண்டி நின்றுபோன சேதி கேட்டுத் தட்டும் கையுமாக ஓடிவந்திருந்தாள். சுவரைத் தாண்டி வெளியே வந்தவள் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். தம்பியின் மூக்கு, அப்படியே! அவ்வளவுதான், இருக்குமிடம் மறந்துபோனது. வீட்டுக்கு அழைத்துப்போகும் வேகத்தில் திரும்பி ஒளிக்குள் கால் வைத்தவள், தூண்களுக்கு நடுவே அங்கேயே நின்று ஒரு குலவை போட்டாள் பாருங்கள்!

பவுனுத்தாயின் குலவை நாலு வீதிக்குக் கேட்கும். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நாக்கில் சுழன்று, கடைசிச் சொட்டுக் காற்று தீரும்வரை நீளும். ஒரு மனிதப் பிறவி ஒரே மூச்சில் இதைவிட அதிகமாக வெளியே விட முடியாது. சுவர் சிவந்தது. பிறகு அதையும் தாண்டி, யாரும் அதுவரை பார்த்திராத ஒரு கருஞ்சிவப்புக்குப் போனது.

“ஐயோ, நிறுத்துங்கம்மா!” என்று கோகுலவாசன் கத்தினார். “முயற்சி பண்ற ஒவ்வொண்ணும் கணக்குல ஏறுது! திருவிழா முடிஞ்சு இந்த முனையில கூட்டமே இல்லை. இப்படியே நாலு பேர் விட்டா பொழுது சாயும்போது எல்லையே மாறிடும்!”

அழகுராசா மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

“அப்படியா சார் சங்கதி?”

கோகுலவாசன் வாயைப் பொத்திக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

“ஏ பவுனு! இன்னொண்ணு போடு தாயி!” என்ற அழகுராசா, வீதிப்பக்கம் திரும்பி, இத்தனை வருடம் “மூச்சு!” என்று அதட்டிய அதே குரலில் கூவினார்: “யாத்தா, ஐயா, எல்லாரும் வாங்க! பிள்ளை வீட்டுக்கு வருது! சுவரு விட மாட்டேங்குது! வந்து ஒரு குலவை போட்டுட்டுப் போங்க!”

முதலில் பூக்கடைப் பெண்கள் வந்தார்கள். குழந்தை வருகிறது என்றால் குலவை போடாமல் இருக்க மதுரையில் யாருக்கு மனசு வரும்? மாடிகளிலிருந்து இறங்கி வந்தார்கள், அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள். வெற்றிலைக்காரர் திரும்பி வந்தார். ஆண்களுக்குக் குலவை வராது. ஆகவே ஊதினார்கள், கொட்டாவி விட்டார்கள். வைதுகொண்டிருந்த அம்மாள் பாதியில் விட்ட வசவை ஒளிக்குள் நின்று நிதானமாக முடித்தாள். ஒருவர் நகர்ந்ததும் அடுத்தவர் நுழைந்தார். “நிற்க, நிற்க, நிற்க,” என்று சுவர் சொல்லிக்கொண்டே இருந்தது.

“உள்ள இருக்கற காத்து கெட்டுடும்யா!” என்று கோகுலவாசன் கெஞ்சினார்.

“உள்ள இருக்கறவுக மட்டும் என்ன சார், மூச்சு விடாமயா குடும்பம் நடத்துறாக?” என்று கேட்ட அழகுராசா, ஓங்கி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனார்.

வெயில் இறங்கியது. குழந்தையின் உதடு லேசாக நீலம் பாரித்ததைப் பார்த்து இளவேனில் அவளை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிள்ளையின் முதுகைத் தடவியபடி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். பவுனுத்தாய்க்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

கோபுரத்தின் உச்சிக் கலசத்திலிருந்து வெயில் விலகியது.

தூண்களில் ஒரு முனகல் எழுந்தது. கூட்டம் தானாக அடங்கியது. கருஞ்சிவப்பு மேலிருந்து கீழாக இறங்கியது. சிவப்பு, பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள். அத்தனை முகங்களிலும் ஒவ்வொரு நிறமாக ஓடி மறைந்தது. பிறகு, யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. இறுகியிருந்த திரை தளர்ந்ததும் உள்வட்டத்துக் காற்று வெளியே வந்தது. மல்லிகை வாசனையோடு, குளிர்ந்து, எல்லார் நெற்றியையும் தொட்டுக்கொண்டு போனது. குழந்தை அதை இழுத்தது. ஒரு முழு மூச்சு. மறுபடி ஒன்று. நெஞ்சின் கீச்சுச் சத்தம் தேய்ந்தது. பிறகு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு இளவேனில் சிரித்தாள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் கேட்டதில்லை.

அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒளிக்குள் நடந்தாள். சுவர் தங்க நிறத்தில் மின்னியது.

“வருக,” என்றது.

பின்னாலேயே குலவையும் சிரிப்புமாகக் கூட்டம் உள்ளே போனது. எல்லாருக்கும் “வருக” கிடைத்தது. வெளியே கோகுலவாசன் தனியாக நின்றார். ஒரு பெருமூச்சு விட்டார். ‘போகட்டும், பிள்ளை பிழைத்தது,’ என்று அவருக்கும் தோன்றாமல் இல்லை. வீட்டுக்குக் கிளம்பினார்.

தூண்களை நெருங்கியதும் நெஞ்சு வழக்கம்போலத் தானாகப் பூட்டிக்கொண்டது. முகம் மெத்தென்று எதிலோ முட்டியது. சுவர் சிவக்கவில்லை. வெறும் வெள்ளையாக நின்றது.

“சரக்கு,” என்றது. “வலப்பக்க வாயிலுக்கு அனுப்புக.”

“யோவ், நான் மனுஷன்யா!” என்று பின்வாங்கி நின்று கத்தினார். சத்தியமான பேச்சு. ஆனால் மறுபடி ஒளியில் கால் வைத்ததும் நெஞ்சு மறுபடி பூட்டிக்கொண்டது. மறுபடியும் “சரக்கு.” அவருக்கே புரிந்தது. பெரும்பாலோர் எப்படியோ அதுவே அளவு என்று எழுதியவர் அவர். இன்றைக்குப் பெரும்பாலோர் மூச்சு விட்டார்கள்; ஆகவே மனிதன் என்பவன் மூச்சு விடும் பிராணி என்று சுவர் திருத்திக்கொண்டது. மூச்சு விடாதது பண்டம். கணக்கில் பிழையே இல்லை.

அதற்குள் அலுவலகம் விட்டு வண்டிகள் வரத் தொடங்கின. “மூச்சு!” என்று ஓட்டுநர்கள் கூவினார்கள். பயணிகள் வாயை மூடினார்கள். “சரக்கு, சரக்கு, சரக்கு,” என்று சுவர் அத்தனை வண்டிகளையும் வலப்பக்கம் தள்ளியது. மூச்சை விடச் சொன்னால் விடுவார்கள்தானே என்று நினைப்போம். விட முடியவில்லை. படிப்பு வருவதற்கு முன்பே வந்த பழக்கம் அது. சரக்கு வாயிலில், வாழைத்தார்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் அழகுராசா வந்து நின்றார். கேலிக்காகத்தான் வந்தார். ஆனால் கோகுலவாசனின் முகத்தைப் பார்த்ததும் பாதிக் கேலிதான் வாயில் வந்தது.

“பெட்டி காலியாத்தான் இருக்கு சார். அரை நிமிஷந்தான்.”

கூடவே வந்திருந்த இளவேனில் அழகுராசாவை முழங்கையால் இடித்தாள். பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி, அங்கிருந்தே கோகுலவாசனுக்குத் தெரியும்படி பிடித்தாள்.

“பயப்படாதீங்க சார். இவளைப் பாத்து விடுங்க.”

குழந்தை அவரைப் பார்த்துக்கொண்டே சாவகாசமாக ஒரு மூச்சு விட்டது. கோகுலவாசன் ஒளிக்குள் நின்று வாயைத் திறந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை.