குழாய் வேண்டாம் என்றவன்

"டவுன்ஷிப் போலீஸ் ஸ்டேஷனா? எங்கப்பாவைக் கொன்னுட்டாங்க."

"யாரு கொன்னது?"

"என் தம்பி."

இளம்பரிதி போனை அணைத்தான்.

பத்தொன்பதாம் பிளாக் குவார்ட்டர்ஸ். முன்னறைக் கட்டிலில் அப்பா பெரியண்ணன் பிணமாகக் கிடந்தார்!

ஒரு காலத்தில் நிலக்கரி மைன்ஸையே கலக்கிய மனிதர். மறதி நோய் முதலில் பிள்ளைகளின் பெயரைத் தின்றது. அப்புறம் பேச்சைத் தின்றது. கடைசியில், வாயில் இருப்பதை விழுங்க வேண்டும் என்பதைக்கூட மறக்க வைத்துவிட்டது.

கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் தம்பி கலைச்செல்வன். சுவரில் சாய்ந்து, வலது கையை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, பாவி!

எஸ்.ஐ. வெண்மதி ஒரு கான்ஸ்டபிளோடு வந்து இறங்கினாள்.

"போன் பண்ணது நீங்களா?"

"ஆமா மேடம். நான் பெரிய மகன். மெட்ராஸ்ல இருக்கேன். இன்னைக்குக் காலையிலதான் வந்தேன்."

"எப்படிக் கொன்னாரு?"

"பட்டினி போட்டு."

வெண்மதி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பாவால முழுங்க முடியலைன்னு ஆஸ்பத்திரியில மூக்குல டியூப் வெச்சாங்க மேடம். அது வழியா சாப்பாடு போய்க்கினு இருந்துது. இவன் அதை எடுத்துட்டான். மறுபடி வைடான்னு போன்ல தலைபாடா அடிச்சிக்கிட்டேன். கேக்கலை. இன்னைக்கு வந்து பாக்கறேன்... மனுஷன் பாதியா இருக்காரு."

"அப்படிச் சொல்லாதீங்க மாமா..."

அடுப்படி வாசலில் நின்ற பொற்கொடி, கலைச்செல்வனின் மனைவி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மேடம், அந்த டியூபை மாமனாரே புடுங்கிப் புடுங்கிப் போட்டுட்டாரு. மூக்குல ரத்தம். கையைக் கட்டி வைங்கன்னாங்க. கட்டில்ல கட்டிப் போட்டோம். அவுத்து விடுங்கன்னு சொல்லக்கூடத் தெரியலை அவருக்கு. கண்ணுல தண்ணி மட்டும் வந்துக்கினே இருந்துது. இவரால பாக்க முடியலை."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டியூப் வெச்சாலும் புரையேறத்தான் செய்யும், ஆயுசும் நீளாதுன்னாரு. நல்லா உக்கார வெச்சி, கூழா கரைச்சி, ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுங்க, வாயை மூடிக்கிட்டா விட்டுடுங்கன்னாரு. இவருதான் ஊட்டினாரு. ஒரு வேளை ஊட்டவே ஒரு மணி நேரம் ஆவும்."

இளம்பரிதிக்குச் சுருக்கென்றது.

ஒரு மணி நேரமா? அவன் வீடியோ காலில் அப்பாவைப் பார்த்ததெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வருமா? பொங்கலுக்கு வந்து எட்டிப் பார்த்தவன், அதற்கப்புறம் இன்றைக்குத்தான் வருகிறான். உள்ளுக்குள் உறுத்த உறுத்த, குரல்தான் உயர்ந்தது.

"நடிக்காதீங்க. நான் கண்ணால பார்த்தேன் மேடம். இவன் நைட் ஷிஃப்ட் முடிச்சி உள்ள தூங்கினு இருந்தான். அப்பாகூட நான்தான் இருந்தேன். நல்லா இருந்தாரு... என்னைப் பார்த்து சிரிச்சாரு. ஒரு போன் வந்துதுன்னு வெளிய போனேன். பொற்கொடி அலர்ற சத்தம். ஓடி வந்தா... இவன் அப்பா மேல குனிஞ்சி, வாய்க்குள்ள கையை வுட்டுக்கினு இருக்கான்!"

வெண்மதி கலைச்செல்வன் பக்கம் திரும்பினாள்.

"வாய்க்குள்ள எதுக்குக் கையை வெச்சீங்க?"

கலைச்செல்வன் மூடிய கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

"சரி. பாடி போஸ்ட்மார்ட்டத்துக்குப் போகட்டும்."

கலைச்செல்வன் துள்ளி எழுந்தான்.

"வேணாம் மேடம். அறுக்க வேணாம்."

"ஏன்?"

"நானே கொன்னேன்னு எழுதிக்குங்க. கையெழுத்து போடறேன்."

"ஐயோ, இன்னா பேசறீங்க நீங்க?" பொற்கொடி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

இளம்பரிதி ஜெயித்துவிட்டான். சந்தோஷம்தான் வரவில்லை. சைக்கிள் பாரில் உட்கார வைத்து இவன் ஸ்கூலுக்குக் கூட்டிப்போன தம்பி ஜெயிலுக்குப் போகப்போகிறான்.

"அந்தக் கையில என்ன?" என்றாள் வெண்மதி.

"ஒண்ணுமில்ல."

"காட்டுங்க."

கை முதுகுக்குப் பின்னால் போனது!

இளம்பரிதி பாய்ந்தான். தம்பியைச் சுவரோடு அழுத்தி, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். கலைச்செல்வன் பல்லைக் கடித்துக்கொண்டு மல்லுக்கட்டினான்.

"வேணாண்ணா... பாக்காத... சொன்னா கேளு..."

கடைசி விரலும் பிரிந்தது.

மஞ்சளாய்... பாதி மென்ற பலாச்சுளை!

"நம்ம வூட்ல பலாப்பழமே இல்லையே..." என்றாள் பொற்கொடி.

இளம்பரிதிக்கு உலகமே நின்றுபோனது.

காலையில் வந்த வழியில் முத்தாண்டிக்குப்பம். ரோட்டோரம் குவித்து வைத்திருந்த பலாப்பழம். அப்பாவுக்கு உயிராயிற்றே என்று காரை நிறுத்தி ஒரு பொட்டலம் சுளை வாங்கினான். வந்து பார்த்தால் அப்பா எலும்பும் தோலுமாய்... மனசு கேட்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கொட்டையை எடுத்துவிட்டு ஒரு சுளையை அவர் வாயில் வைத்தான். அவர் மென்றார். சிரித்தார். போன் அடித்தது. 'மெதுவா தின்னுப்பா' என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

கெட்டியாக எதையும் கொடுக்கக் கூடாது என்று தம்பி போனில் எத்தனை முறை சொல்லியிருப்பான்! இவன் வேறு எதையோ பார்த்துக்கொண்டே 'ம்ம்' கொட்டியிருக்கிறான்.

"தொண்டையில நின்னுக்கினு இருந்துது," என்றான் கலைச்செல்வன் மெல்ல. "எடுத்துட்டேன். அதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சி."

"ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீ தாங்க மாட்ட. டியூப் வேணாம்னு சொன்ன அன்னிக்கே சொந்தக்காரங்க எல்லாம் எனக்குக் கொலைகாரன்னு பேரு வெச்சிட்டாங்க. எனக்குப் பழகிப் போச்சுண்ணா."

இளம்பரிதி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தான். அந்தக் கால்கள் இன்னும் சில்லிடக்கூட இல்லை. வாய்விட்டு அழுதான்.

வெண்மதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"சார்... புகாரை எழுதிக் குடுக்கறீங்களா?"

"எழுதறேன் மேடம். என் பேர்லயே எழுதறேன். நான்தான் கொன்னேன்."

கலைச்செல்வன் குனிந்து அண்ணனைத் தூக்கி நிறுத்தினான். அவன் கண்ணிலும் இப்போது தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"சும்மா இருண்ணா. நான் ஊட்டின கூழுக்குத் தினமும் மூஞ்சியைத் திருப்பிக்கினு இருந்த மனுஷன், நீ குடுத்த சுளைக்குச் சிரிச்சிருக்காரு பாரு... சாகறப்பகூட பெரிய புள்ளைக்குத்தான் ஓரவஞ்சனை!"