மேல் மதகு திறந்த மறுநாள்

தெர்மாமீட்டர் ஒன்பது டிகிரி காட்டியதும் அவள் முதலில் அதைத்தான் திட்டினாள்.

வெயில் மண்டையைப் பிளக்கிற பன்னிரண்டு மணி. நேற்றுக் காலையிலிருந்து அணையின் மேல் மதகு வழியாக, வெயில் குடித்த மேல்தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. வீட்டுப் படித்துறையில் இருபத்துநான்கு, அதற்குக் கீழே பம்ப் ஹவுஸில் இருபத்துநான்கு, எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற இந்தப் பாலத்தடியில் மட்டும் ஒன்பது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி முக்கினாள். ஒன்பது. கையை விட்டுப் பார்த்தாள். விரல் எலும்புவரை வலித்தது.

அணையின் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டுச் சொன்னாள். கொழுந்தன்தான் இருந்தான்.

"என்ன அண்ணி, தெர்மாமீட்டருக்கு ஜன்னி வந்துடுச்சா?"

"விளையாடாதீங்க. கீழ் மதகை எவனாவது திறந்துட்டானா?"

"சாவி என் இடுப்புல இருக்கு. நல்லாப் பாருங்க அண்ணி. ஆறு மணிக்கு மூணு இடத்துலயும் இருபதுக்கு மேல இருந்தாத்தான் மேல் மதகு நிலைக்கும். ஒண்ணு குறைஞ்சாலும் பழையபடி கீழ் மதகுதான்னு இன்ஜினியர் பெரியவர் சொல்லிட்டார்."

போனை வைத்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மேல் மதகைத் திறக்கச் சொல்லி முப்பத்தொரு மனு. படிவம் இல்லை என்றார்கள், படிவம் கொடுத்தால் வரைபடம் இல்லை என்றார்கள், வரைபடம் கொடுத்தால் படிவம் பழசாகிவிட்டது என்றார்கள். அணையின் அடியிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீரில் மீன் முட்டையிடுவதில்லை என்று மனுவில் எழுதினாள். புருஷனுக்காக என்று எழுதினால் யார் படிப்பார்கள்?

ஆற்றை அளக்கும் இந்த வேலை அவருடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், படித்துறையின் அளவுக்கம்பத்தில் பாசி மூடிய எண்களைக் கம்பிப் பிரஷால் தேய்த்துக்கொண்டு நின்றார். ஊர் விளக்குப் போடும் நேரத்து மின்சாரத்துக்காக ஆறு மணிக்கு விட வேண்டிய தண்ணீரை அன்று ஐந்துக்கே விட்டார்கள். எச்சரிக்கைச் சங்கு ஊதவில்லை. பிரஷும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. ஆற்றில் இறங்கித் தேடிய முக்குளிப்பவர் போகிற போக்கில் சொன்னதுதான் அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது.

"இது ஐஸ் பெட்டிம்மா. இந்தக் குளிர்ல உடம்பு கெடாது, மேலயும் வராது. ஆறு சூடாகணும். உங்க வீட்டுக்காரர் மட்டுமா, அணை கட்டினதுலேர்ந்து போனவங்க அத்தனை பேரும் அடியிலதான் கிடக்காங்க."

ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்து அழுது முடிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூன்று மணிக்குப் பாலத்தடியில் இருபத்துநான்கு ஆகியிருந்தது. அப்பாடா என்று பம்ப் ஹவுஸுக்கு நடந்தாள். அங்கே ஒன்பது. கரையில் மண்ணெண்ணெய் வாடையை மீறி, பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருகிற வாடை வந்தது. குளிரில் ஒன்றிரண்டு மீன்கள் மல்லாந்து, கீழே பாலத்தை நோக்கி மெல்ல நகர்ந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தண்ணீர் கீழே போகிறது. குளிர் மேலே வருகிறது.

ஐந்தே முக்காலுக்கு வீட்டுப் படித்துறையில் உட்கார்ந்து முக்கினாள். இருபத்துநான்கு. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது. பதினைந்து. பதினொன்று. கண்ணெதிரே இறங்கியது.

ஒன்பது.

ஆறு மணிச் சங்கு ஊதியது. போன் அடித்தது.

"சொல்லுங்க அண்ணி. பெரியவர் பக்கத்துலயே இருக்கார். விடவா, மூடவா?"

இரண்டு வருஷம். முப்பத்தொரு மனு. ஒரு எண்ணுக்காகவா?

"மூணுலயும் இருபத்திநாலு," என்றாள்.

"ரொம்ப சந்தோஷம். கீழ் மதகைக் கான்கிரீட் போட்டு அடைச்சிடலாம்னு கையெழுத்தே போட்டுட்டார். லைன்லயே இருங்க."

கரக்.

தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. கரக், கரக். அவசரமில்லாமல். அவளுக்குத் தெரிந்த சத்தம்.

அளவுக்கம்பத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகப் பச்சைப் பாசி மூடிய நாலாம் எண் வெள்ளையாக இருந்தது. தண்ணீரிலிருந்து ஒரு கை வந்து ஐந்தைத் தேய்த்தது. ஊறவில்லை. உப்பவில்லை. எப்போதோ கதவிடுக்கில் நசுங்கிக் கோணிய அதே சுண்டுவிரல்.

"என்னங்க," என்றாள். வாயில் ஆவி வந்தது.

கை நின்றது. பிரஷைக் கவனமாகக் கீழ்ப்படியில் வைத்தது. படியைப் பிடித்துக்கொண்டது.

பக்கத்தில் இன்னொரு கை. வளையல் போட்டது. அதற்குப் பக்கத்தில் ஒன்று, மிகச் சின்னது.

அளந்து பழகியவள். எண்ணினாள். ஏழு. பன்னிரண்டு. எல்லாம் வலது கை.

"அண்ணி, மேல் மதகை முழுசாத் தூக்கச் சொல்லிட்டார். தண்ணி ரெண்டு படி ஏறும். சரிதானே? அண்ணி?"

தண்ணீர் ஏறியது. கைகள் இரண்டாம் படியைப் பிடித்தன.